பாதி துஆ

இன்று காலை மருமகள் தலைவலிக்குக் கோடாரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். மலேசியாவிலிருந்து உன் வீட்டுக்காரர் டஜன் டஜனாகக் கொண்டுவந்து இறக்குவார். நீ நெற்றி, கழுத்து, மூக்கு என்று பூசிக்கொண்டு திரிவாய். நீ எங்கள் தெருவில் திரும்பும்போதே என் அடுப்படிக்குத் தெரிந்துவிடும். நீ மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. செத்துப்போன சிநேகிதிக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் எனக்கு இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தஞ்சாவூருக்கும் கூத்தாநல்லூருக்குமாக டயாலிசிஸுக்கு அலைகிறான். முகம் வீங்கி, பேச்சே குறைந்துபோய்விட்டான். என்னுடையது அவனுக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டேன். ஓர் உயிரைக் காப்பாற்றக் கொடுக்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். தம்பி மட்டும் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அதனால் இஸ்திகாரா தொழுதேன். உனக்குத் தெரியாததா? முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கும்போது இரண்டு ரக்அத் தொழுது, இது எனக்கு நல்லதென்றால் எளிதாக்கிக் கொடு, கெடுதலென்றால் என்னைவிட்டுத் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடமே ஒப்படைக்கிற தொழுகை. கடைசியில் கையேந்திக் கேட்கிற துஆவில் நான் முன்பாதியை விழுங்கிவிட்டேன். 'எளிதாக்கிக் கொடு' என்கிற இடம் வந்தால் நாக்கு எழவில்லை. 'திருப்பிவிடு' என்பதை மட்டும் மூன்று தரம் கேட்டேன். இப்படிக் கேட்டால் அல்லாஹ்வுக்குத் தெரியாமலா போகும்?

அப்புறம் கனவுக்குக் காத்திருந்தேன். பச்சையோ வெள்ளையோ வந்தால் சரி, சிவப்போ கறுப்போ வந்தால் வேண்டாம் என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதுதான். ஒரு சிவப்புத் துணியாவது வராதா என்று வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். வந்தது நெல் அறுக்கிற மிஷின். அதுவும் பச்சை. நான் எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "மிஷினு பச்சையாத்தான் இருக்கும். அதுக்கா அழுவுறே?" என்றார்.

உன் மார்பில் கட்டி வந்தபோது நீயும் ஆபரேஷனுக்காக இஸ்திகாரா தொழுதாய். மறுநாளே வந்து, "கனவுல என்னடி வந்துச்சு?" என்று உன்னைக் குடைந்தேன்.

"கனவாவது மண்ணாவது. தூங்குனேன், விடிஞ்சுச்சு. கேட்டாச்சுல்ல, கெளம்ப வேண்டியதுதான். வேணாம்னா அவன் வழிய அடைச்சுட்டுப் போறான்" என்று சொல்லிவிட்டுப் புடவை மடிக்கப் போய்விட்டாய்.

வழி அடைபடவில்லை. படுக்கை கிடைத்தது, ரத்தம் கிடைத்தது, உன் வீட்டுக்காரருக்கு லீவும் கிடைத்தது. அடுத்த சம்பா அறுப்புக்கு நீதான் இல்லை. கடைசி வாரத்தில் உன் கட்டிலில் உட்கார்ந்து கோபத்தில் கேட்டேனே: "நல்லதைத்தானேடி கேட்டே? இதா நல்லது?"

"நான் ஆயுசக் கேக்கலடி ஜமீலா. அவன்கிட்ட விட்டுட்டேன்னு சொன்னேன். விட்டுட்டு, அப்பறம் போய் கணக்குக் கேக்கச் சொல்றியா?" என்றாய். உன்மேலும் அவன்மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்போது என் வழி திறக்கிறது. போன வாரம் பரிசோதனைக்குப் போகும்போது நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அல்லாஹ் தடுக்கிறான் என்று பஸ்ஸுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தக் கேட் என்றைக்குத்தான் திறந்திருந்தது என்று நீ சிரித்திருப்பாய். ரயில் போனது, கேட் திறந்தது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. நமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து வாசலில் நின்று, "குடுத்துடு. அறுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். ஒவ்வொன்றும் எளிதாக ஆக எனக்குப் பயம்தான் கூடுகிறது. திறந்த வழியில் போய்த்தானே நீ திரும்பி வரவில்லை?

இனி மூட்டை தூக்கக் கூடாதாம், களத்தில் நெல் தூற்றக் கூடாதாம், ஆயுசுக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதெல்லாம் பிழைத்து வந்தால்.

மதியம் லுஹர் தொழுத பிறகு எழுந்திருக்காமல் மறுபடி இரண்டு ரக்அத் தொழுதேன். இந்தத் தடவை துஆவை ஓர் எழுத்து விடாமல் கேட்டேன். 'எளிதாக்கிக் கொடு' என்று சொன்னபோது பல் கிட்டித்துப் போனது. எனக்கு நல்லது எது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்று அல்லாஹ்விடம் சொல்லி முடித்தபோது முந்தானை நனைந்திருந்தது. மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. அப்படியே எழுந்து தம்பிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேரலாம் என்று சொன்னேன்.

"வேணாங்க்கா. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றான்.

"உங்கிட்டயாடா கேட்டேன்?" என்று அதட்டினேன்.

அதட்டல் என்னவோ உன்னுடையதுதான். உன் தைரியம் எனக்கு வந்து சேரவில்லை, துஆவை நீ கேட்ட மாதிரி முழுதாகக் கேட்க மட்டும் வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் காகிதத்தில், இதை எழுதுகிற இந்தக் கையால்தான் கையெழுத்துப் போடப் போகிறேன்.