நான் வந்ததால் ஓடும் பஸ்

அப்பாவுக்கு லாவண்யா வணக்கம். முட்டி வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல சொன்னா பாதியில வெச்சுடுவீங்க, அதான் எழுதறேன்.

ஜப்பான்ல இந்த முதியோர் இல்லத்துல நான் பார்த்துக்கிற வயசான அம்மாவுக்கு யூக்கோன்னு ஒரு மகள். தாயைப் பார்த்துக்க ஆள் கிடைக்காம பஸ் டிரைவர் வேலையையே விட்டவங்க. ஆள் பத்தாம பூட்டிக் கிடந்த இல்லத்து மாடியை, வெளிநாட்டுலேர்ந்து நாங்க வேலைக்கு வந்த பிறகுதான் திறந்தாங்க. தாயை இங்க சேர்த்துட்டு அவங்க வேலைக்குத் திரும்பிட்டாங்க.

நேத்து பஸ்ல ஏறினா, ஸ்டியரிங்ல அவங்க! நம்மூர் மாதிரி பக்கத்துல நின்னு பேச்சு கொடுத்தேன். ஓட்டும்போது பேசக்கூடாதாம், உட்காரச் சொல்லிட்டாங்க. வாயை மூடிகினு பார்த்துகினே வந்தேன். பனி மூடின மலையில அவ்ளோ பெரிய வண்டி, உள்ள ஸ்கூல் பசங்க, வேலைக்குப் போறவங்க. வெளியாள் வந்தா உள்ளூர்க்காரங்க பொழப்பு போயிடும்னு நானும்தான் நினைச்சேன். ஆரணியிலிருந்து நான் வந்ததால இங்க ஒரு பஸ் ஓடுதுப்பா!

ஒடிசாக்காரன் நம்ம தறியில உட்கார்ந்துட்டான், அவனை வேலையை விட்டு நிறுத்திடறேன்னு சொன்னீங்களே. அது நான் எழுந்து வந்த இடம்தானே? பக்கத்துல உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா போட அவர் இல்லேன்னா உங்க தறியும் நின்னிருக்கும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் புளி கொடுத்தனுப்புங்க. டியூட்டிக்கு நேரமாச்சு. அந்த ஒடிசாக்காரரை தினம் ஒரு வாட்டி 'சாப்ட்டியா'ன்னு கேளுங்கப்பா. இங்க என்னை யாரும் கேக்கிறதில்ல.

லாவண்யா