பெருமாள் சீட்டின் பின்பக்கம்

கிராணி ஐயா அவர்களுக்கு,

இன்று காலை குளுவாங் ஸ்டேஷனுக்கு எதிரே என் காப்பிக்கடைப் பெஞ்சில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே புளித்த ரப்பர்ப் பால் வாடை வந்துவிட்டது. நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்தாலும் சட்டையை விட்டுப் போகாத அந்த வாடை உங்களுக்குத் தெரியுமே. ஆபீஸ் மேசைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, அவர்கள் மனம் நோகுமே என்று உடனே எடுத்தும் விடுவீர்கள். வைப்பதும் எடுப்பதுமாக உங்களுக்கு அதுவே ஒரு வேலை.

அந்த ஆள் காப்பியைக் குடித்துவிட்டு ரயில் ஏறிப் போய்விட்டான். எனக்குத்தான் அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேருக்குச் சர்க்கரை போடாமல் காப்பி கொடுத்தேன். "உக்காந்தா எழுந்திரிக்கிறீங்க, எழுந்தா உக்கார்றீங்க, பேன் கடிக்குதா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். கூட இருந்தபோதும் சிரித்தவர்தானே.

நீங்கள் கணக்கெழுதும் கிராணியாகத் தோட்டத்துக்கு வந்த முதல் மாதம் நினைவிருக்கிறதா? ஆபீஸ் பியூனாக நான் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவன். உங்களைவிட எட்டு வயது மூத்தவன். நீங்களோ யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணாடியும் பெட்டி நிறையப் புத்தகமுமாக வந்து இறங்கிய பொடியன். ஒரு நாள் ஸ்டோர் ஆட்களுக்கு உங்களைப் போலப் பண்ணிக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது, அப்புறம் நாலு பேச்சுக்கு முந்திய பேச்சுக்கு ஆமாம் போட்டு "ஓம்" என்பது. ஸ்டோர் ஆட்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பினால் பின்னால் நீங்கள். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நான் மூக்கை உறிஞ்சிறதை விட்டிட்டீர், காணும்" என்றீர்கள்.

அன்றிலிருந்து நாம் சிநேகிதர்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் துரை பங்களாவுக்குப் போனதும், ஆபீஸ் வராந்தாவில் நீங்கள் அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகங்களை விரிப்பீர்கள். கிரேக்க தேசத்தில் அந்தக் காலத்திலேயே என்னைப்போல ஒருவர் இருந்தார் என்று சொன்னீர்கள். கஞ்சன் எப்படி இருப்பான், வீண்பேச்சுக்காரன் எப்படி இருப்பான் என்று ஒவ்வொரு தினுசாகப் பிடித்து எழுதுவாராம். காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்கப் போய்த் தன் பல்வலியைச் சொல்லிவிட்டு வருகிறவன் ஆட்களை மேய்க்கும் எங்கள் தண்டல்தான் என்று நான் சொல்ல, நீங்கள் மேசையில் தட்டிச் சிரித்தீர்கள். ராஜாக்களைப் பற்றி எழுதிய இன்னொருவர், சண்டையில் ஜெயித்ததைவிடச் சாப்பாட்டு இடத்தில் சொன்ன கேலியில்தான் ஆள் தெரிகிறான் என்று நினைத்தாராம். குணம் என்றால் காசில் அடித்த முத்திரை மாதிரி என்பது அவர்கள் பேச்சாம். நம் ரோலரில் விடும் ரப்பர் ஷீட்டில் தோட்டத்து முத்திரை விழுகிறதே, அப்படியா என்று கேட்டேன். "அதே, அதே" என்று குதித்தீர்கள். கிரேக்கன் நம்ம ஆள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் வேதத்துக்காரர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் கிறிஸ்தவர்கள் எழுதியதில் ஒரு மீன்காரர் வருவார். குருவைப் பிடித்துப்போன அன்று, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே போய் அழுதவர். நல்ல கோழை, இரண்டு நிமிஷத்தில் பண்ணிக் காட்டுகிறேன் என்று எழுந்து பண்ணியும் காட்டினேன். கொஞ்சம்தான் சிரித்தீர்கள்.

"அவையள் அந்த இடத்திலை எழுத்தை நிப்பாட்டேல்லை, பிறகு அவர் என்ன செய்தார் எண்டும் எழுதினவை" என்றீர்கள்.

எனக்கு அது ஏறவில்லை. சொன்ன உங்களுக்கும் அன்றைக்கு முழுசாக ஏறியிருக்கவில்லை என்று பெருமாள் விஷயத்தில்தான் தெரிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெருமாள் பால்வெட்டுக்காரன். நீங்கள் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், நிறை கூட வேண்டும் என்று ஓடையில் இறங்கிப் பால்வாளியில் தண்ணீர் கலந்து பிடிபட்டான். அன்றைக்கு அவனுக்குப் பேர் போடவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று. அவ்வளவுதான் தண்டனை. ஆனால் நான் விடுவேனா? இடப்பக்கம் பார்ப்பது, வலப்பக்கம் பார்ப்பது, குனிந்து மொள்ளுவது, அப்புறம் பூசாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிறுவைக்கு நடப்பது. திருவிழாவுக்குத் திருவிழா கேட்டு வாங்குவார்கள். பெருமாளும் முன்னால் நின்று சிரிப்பான். நீங்கள் அவனை அறிந்தது அந்த ஆட்டத்தில்தான்.

ரப்பர் விலை விழுந்ததும் துரை பாதி ஆட்களை நிறுத்தச் சொன்னார். போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், வேலை, வருஷம், கடைசியில் நடத்தை என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் அடுத்த தோட்டத்தில் சேர்ப்பார்கள். சனிக்கிழமை முழுதும் நீங்கள் எழுதினீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் "இவர் எப்பிடி?" என்று கேட்டீர்கள். நான் பண்ணிக் காட்டினேன். பெருமாள் பெயர் வந்ததும் குப்பைக்கூடையை வாளியாக வைத்து ஓடையில் இறங்கினேன். சிரித்துக் கண்ணாடியில் தண்ணீர் வந்துவிட்டது உங்களுக்கு. துடைத்து மாட்டிக்கொண்டு கட்டத்தில் எழுதினீர்கள். துரை எல்லாவற்றிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பெருமாள் திரும்பி வந்தான். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டம் பாக்கியில்லாமல் ஏறி இறங்கியிருக்கிறான். பெண்டாட்டியும் இரண்டு பெண்களும் யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில். வேலை கிடைக்காவிட்டால் எல்லாரையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவனுக்கு ஒருவரும் இல்லை. பெண்கள் இங்கே பிறந்தவர்கள். சீட்டை மேசையில் வைத்தான்.

"இதுல என்ன எழுதியிருக்குதுங்கய்யா? பார்த்த உடனே திருப்பிக் குடுத்துடுறாங்க."

நீங்கள் படித்தீர்கள். நம்பத்தகாதவன் என்று தமிழில் சொன்னீர்கள்.

"அந்தத் தண்ணியா? அது பன்னெண்டு வருசமாச்சுங்களே. அப்புறம் நான் எப்படி இருந்தேன்னு யாரும் கேக்கலியா?" என்று உங்களைக் கேட்டான். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் குப்பைக்கூடையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

நீங்கள் துரையிடம் போனீர்கள். கையெழுத்துப் போட்ட சீட்டில் எழுத்து மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்து உட்கார்ந்து, பெருமாளைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். பழக்கதோஷம், நான் எழுந்து நின்றேன்.

"நடிக்க வேண்டாம். இருந்து சொல்லும்."

ஓடையைச் சொன்னேன். "அதுக்குப் பிறகு?" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஐயா. பக்கத்து லயத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவனைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. "எனக்கும் தெரியாது. தெரியாமல்தான் எழுதிப்போட்டன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

அந்த இரண்டு நாள் நான் ஓடிய ஓட்டம்! நிறுவைக்காரன், பக்கத்து வீட்டுக்காரி, கோயில் பண்டாரம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டேன். இவன் புதுசாக என்ன கேலி பண்ணப் போகிறான் என்று பாதிப்பேர் சொல்லவே இல்லை. வந்த விஷயங்களை நீங்கள் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினீர்கள். எழுதி எங்கள் இருவருக்கும் தமிழில் வாசித்தீர்கள். ஒருமுறை பாலில் தண்ணீர் கலந்தார். அதன் பிறகு நிறுவையில் யாரும் கேட்கும் முன்பே மூடியைத் திறந்து, தண்ணீர் பார்க்கும் கண்ணாடிக் குழாயைத் தன் பாலில் முதலில் விடச் சொல்வார். பக்கத்து வரிசைக்காரன் காய்ச்சலில் கிடந்தபோது அவன் மரங்களையும் வெட்டி, பாலை அவன் பெயரிலேயே கொடுத்தார். கள் குடிப்பார். குடித்தால் சத்தம் போடுவார். மறுநாள் வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

"சத்தம் போடுறதையும் எழுதணுங்களாய்யா?" என்றான் பெருமாள்.

அது இல்லாவிட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்றீர்கள். பிற்பாடு வந்த சில வேதக்காரர்கள் பிழையே இல்லாத ஆட்களாக எழுதித் தள்ளியதை வாசித்துத் தூங்கிப்போன கதையையும் சொன்னீர்கள். கீழே உங்கள் பெயரைப் போட்டீர்கள். துரைக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று நான் சொன்னது காதில் விழாத மாதிரி மையை ஊதிக்கொண்டிருந்தீர்கள். மூவார்ப் பக்கம் உங்களோடு படித்தவர் ஒருவர் கிராணியாக இருந்த தோட்டத்துக்கு அந்தச் சீட்டோடு பெருமாள் போனான்.

பிறகு உங்களுக்குக் குளிர் காய்ச்சல். மூன்றே வாரத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள். மூவாரிலிருந்து ஏதாவது வந்ததா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு தரம் கேட்டீர்கள். வந்துவிட்டது, சேர்த்துக்கொண்டார்களாம் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் என்னை உட்காரவிடவில்லை. என் வேலையும் போன பிறகு, பத்து பகாட் ஊர் வழியாக ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு அது உண்மைதானா என்று பார்க்கப் போனேன்.

பெருமாள் நிறுவை வரிசையில் நின்றான். வாளி மூடி திறந்திருந்தது. சேர்த்துக்கொண்டு நாலு மாதமாகிவிட்டதாம். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஒரு மரத்துப் பக்கம் இழுத்துப் போனான். இங்கே யாருக்கும் தண்ணீர் விஷயம் தெரியாது, சீட்டை வாசித்த பெரிய கிராணிக்கு மட்டும்தான் தெரியும், உன் கூத்தை இங்கே காட்டிவிடாதே என்றான். பிறகு உங்களைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். வாளியைக் கீழே வைத்தான்.

"அவரை நல்லவருன்னு மட்டும் சொல்லித் திரியாதய்யா. முன்பக்கம் எழுதினதும் அவருதான். என் பொண்ணுங்க அஞ்சு வாரம் தாழ்வாரத்துல கெடந்துச்சு" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பின்பக்கம் எழுதினதும் அவருதான். ஒண்ண விட்டுட்டா அது அவரு இல்ல."

தோட்டத்து ஆட்கள் கடைக்கு வரும்போது கிராணி ஐயாவைப் பண்ணிக் காட்டு என்று இப்போதும் கேட்கிறார்கள். பண்ணுகிறேன். மூக்கு உறிஞ்சுவதை விடுவதில்லை. அவர்கள் சிரித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போது, இருங்கள், இன்னும் இருக்கிறது என்கிறேன். சீட்டின் முன்பக்கத்தைச் சொல்கிறேன். யார் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆடினான் என்பதையும் சொல்கிறேன். பாதிப்பேர் அங்கேயே எழுந்துவிடுகிறார்கள். சிலர் ரயில் வந்துவிட்டது என்று ஓடுகிறார்கள். பின்பக்கம் வரை இருந்து கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர்தான் ஐயா. ஓடுகிறவர்களின் பின்னாலேயே பிளாட்பாரம் வரை சொல்லிக்கொண்டு போகிறேன்.