மிச்ச விறகு

ஓகஸ்ட் 7, வியாழன்

வெக்கை. மழை வரும் என்றார்கள், வரவில்லை. நுளம்புக்கடி நிறைய.

ஆர்.வி.யில் முதல் இரவு. சாரதி ஆசனத்துக்கு மேலே ஒரு தட்டு, அதுதான் என் கட்டில். எழும்பி இருந்தால் தலை இடிக்கும். திரையை இழுத்துவிட்டு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் யார் இதைக் கண்டாலும் பரவாயில்லை, தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம். அம்மா கண்டால்தான் பயம்.

வழக்கம் போல ரொறன்ரோவிலிருந்து வடக்கே, அதே ஏரிக்கரை. அடுத்த இடத்தில் ரவி மாமா குடும்பம். மாமா, மாமி, தர்ஷி. மாமா அம்மாவின் தம்பி. தர்ஷிக்கு என் வயது. அவர்கள் கூடாரத்தில். போன வருடம் வரை நாங்களும் கூடாரம்தான். இந்த முறை அம்மாவின் இடுப்பு நிலத்தில் படுக்க விடாது என்று அப்பா மிசிசாகாவில் இந்த ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்தார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே.

மாமா கண்டவுடன், "என்ன அத்தான், காட்டுக்கு வரச்சொன்னா ஹொட்டலை இழுத்துக்கொண்டு வந்திட்டியள்?"

"உம்மடை அக்காவின்ரை இடுப்பிட்டைக் கேளும்."

எல்லாரும் சிரித்தோம்.

பின்னேரம் அப்பாவும் நானும் வாசல் ஒஃபீஸுக்கு நடந்துபோய் விறகு வாங்கினோம். செம்மஞ்சள் கயிறு கட்டிய கட்டுகள். அப்பா உள்ளே நின்று ஒஃபீஸ்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது மாமாவின் வான் வெளியே போனது. ஐஸ் வாங்கப் போகிறார் போல. கை காட்டினேன். அவர் ஒஃபீஸ் யன்னலைப் பார்த்தபடி போனார், என்னைக் காணவில்லை.

"நாளைக்கு இரவு ரெண்டு வீட்டுக்கும் ஒரே நெருப்பு. கொம்மான் ரவிக்கு இப்ப சொல்லாதை" என்றார் அப்பா. மழைக்கு நனையாமல் ஆர்.வி.யின் பக்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

பகல் முழுக்கப் போட்ட பாட்டை மாமா இரவும் போட்டார். கொஞ்சம் சத்தம்தான். ஒஃபீஸ்காரர் டோர்ச்சோடு வந்து, முறைப்பாடு வந்திருக்கிறது, குறையுங்கள் என்றார். மாமா நிற்பாட்டினார். பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். நிறைய நேரம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காலையில் தூறல். பிறகு வெயில்.

எழுத்து கோணல்.

காலை அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். மாமா வந்தார், கதிரையில் இருக்கவில்லை.

"சத்தம் கூடவெண்டா என்னட்டையே சொல்லியிருக்கலாம், அத்தான்."

"நான் என்னத்தைச் சொன்னன்?"

"ஒஃபீஸிலை நிண்டு கதைச்சதை என்ரை கண்ணாலை கண்டனான்."

அப்பா சிரித்தார். பகிடி என்று நினைத்தார். மாமா சிரிக்கவில்லை.

"சொந்த மச்சானையே காட்டிக் குடுத்திட்டியள்."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் பகிடிக்கும் சொல்வதில்லை. ஊரில் அந்தச் சொல்லால் ஆட்கள் காணாமல் போனார்கள் என்று அம்மா ஒருமுறை சொன்னார். தோசை கருகியது. "டேய் ரவி, வாயை மூடு" என்றார் அம்மா. அப்பாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயம்.

"மாமா, நாங்கள் விற..." என்று தொடங்கினேன்.

"நீ உள்ளுக்குப் போ!" என்றார் அப்பா.

மாமா போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக: "ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது. விறகு எண்ட சொல்லே வாயிலை வரக்கூடாது. என்னை உப்பிடி நினைச்சவனுக்கு என்னத்துக்கு விளக்கம்?"

திங்கள் வரை நிற்க வந்தோம். நாளை விடியவே போகிறோமாம். சொல்லாமல்.

அம்மா: "இஞ்சாருங்கோ, சொல்லாமல் போறது செத்த வீட்டிலை தான். என்ரை தம்பி உயிரோடை இருக்கிறான்."

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

எனக்குத் தெரியும் இது எங்கே போய் முடியும் என்று. றிச்மண்ட் ஹில்லில் பெரியப்பா இருக்கிறார். ஒரு கலியாணத்தில் ஏதோ ஒரு சொல். என்ன சொல் என்று இப்போது அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. கோயிலில் கண்டால் அவர்கள் செருப்பு வைக்கும் பக்கத்துக்கு நாங்கள் போவதில்லை. பெரியப்பாவின் மகன் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவன். இப்போது அவன் குரல் எப்படி என்று எனக்குத் தெரியாது.

தர்ஷியும் அப்படி ஆகிவிடுவாளா?

மோர்னிங்சைட் பேஸ்மென்றில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். நாங்கள் கனடா வந்த புதிது. எனக்கும் தர்ஷிக்கும் ஒரே மெத்தை. அவள் கால் எப்போதும் என் வயிற்றில். யன்னல் நிலத்தோடு ஒட்டி இருக்கும், வெளியே பார்த்தால் கார் ரயரும் ஆட்களின் சப்பாத்தும்தான் தெரியும். எந்த ரயர் எங்களுடையது என்று தெரியாது. அதனால் மாமா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரெண்டு ஹோர்ன் அடிப்பார். அப்பாவும் அப்படியே. மாமா வீடு வாங்கிப் போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் ரெண்டு. அவர்கள் வீட்டிலிருந்து நாங்கள் புறப்பட்டால் ரெண்டு.

முதல் முறை இங்கே வந்தபோதும் அப்பா அடித்தார். அப்பாவுக்கு வேலை இருந்ததால் நாங்கள் விடிய முன்னரே புறப்பட்டோம். வானை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, கதவைப் படார் படார் என்று சாத்தி, பெரிய லைற் போட்டு, கடைசியாக மாமா வீட்டார் படுத்திருந்த கூடாரத்தைப் பார்த்து ரெண்டு ஹோர்ன். காடு முழுக்க எழும்பியது. ஒரு வெள்ளைக்காரர் ஒரு கால் சப்பாத்தோடு ஓடி வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தோம். "ஏதாவது ஆபத்தா? நான் உதவி செய்யட்டுமா?" என்று கேட்டார். அப்பா வீடு வரும் வரை கதைக்கவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பார்.

அன்றிலிருந்து விடிய வெளிக்கிடுவதென்றால் அப்பாவிடம் சட்டம் உண்டு. இன்றைக்கும், இந்தக் கோபத்திலும், ஒன்றையும் விடவில்லை. மாமா வீட்டார் பகல் முழுக்க ஏரியில் இருந்தபோது:

- தண்ணீர்க் குழாய், மின்வயர் கழற்றியாயிற்று. விடிய கழற்றினால் சத்தம்
- வெயில் மறைப்பு சுருட்டியாயிற்று. அது கிறீச் என்னும்
- கதிரைகள் உள்ளே
- நெருப்புக் குழிக்குத் தண்ணீர், சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்தல்
- குப்பை
- கழிவுத் தொட்டியை வாசலடியில் போய்க் கொட்டுவது, இங்கே அல்ல
- எஞ்சினைப் போட்டால் உடனே கிளம்ப வேண்டும்
- மற்றவர்களின் இடத்துக்குள்ளால் நடக்கக் கூடாது

"மற்றச் சனம் என்ன பாவம் செய்தது?" என்றார்.

கடைசியாக விறகு. இங்கே வாங்கியதை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகக் கூடாது, மரப்பூச்சி பரவும் என்று வாசலில் பலகை. மிச்சத்தைப் பக்கத்தவருக்கு விட்டுப் போவதுதான் மரியாதை.

"அங்காலைப் பக்கத்துக் கிழவனுக்குக் கொண்டுபோய் வை. விடிய, சத்தமில்லாமல். விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

இந்தப் பக்கத்தில் மாமா. அந்தப் பக்கத்தில் கிழவர்.

நித்திரை வரவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

வீட்டில். மோர்னிங்சைட். என் அறை. கதவு பூட்டு.

விடியப் பனிப்புகார். ஏரி தெரியவில்லை. அப்பா டோர்ச்சை உள்ளங்கையால் மூடிப் பிடித்தார், விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. பக்கப் பெட்டியைத் திறந்து கட்டுகளை எடுத்துத் தந்துவிட்டு ரயர் பார்க்கப் போனார்.

நான் கிழவரின் பக்கம்தான் நடந்தேன். உண்மையாக. பாதையில் கொஞ்ச தூரம். பிறகு திரும்பினேன்.

மாமாவின் கூடாரத்துக்கு முன்னால் மழைக்குத் தறப்பாள் கட்டியிருந்தது. அதற்குக் கீழே தர்ஷியின் சப்பாத்து, ஈரம், ஒன்று கவிழ்ந்து. அதற்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு கட்டாகப் போய் வந்து. கட்டை கட்டையோடு முட்டாமல், குழந்தையைக் கிடத்துவது போல. செம்மஞ்சள் கயிறு மேலே தெரியும்படி.

உள்ளே மாமா இருமினார். நான் அப்படியே குந்தியிருந்தேன். வெளியே வந்துவிடுவாரோ என்று நினைத்தேன். எழும்பி வந்தால் நல்லது என்றும் நினைத்தேன். வரவில்லை.

கவிழ்ந்திருந்த சப்பாத்தை நிமிர்த்தி வைத்தேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?" அப்பா, காற்றுப் போல.

"இருட்டு, அப்பா."

கதவைச் சாத்தாமல் அமத்தினார். எஞ்சின் போட்டவுடன் கிளம்பினோம், சின்ன லைற் மட்டும். வெளியே போகும் பாதை மாமாவின் கூடாரத்தைச் சுற்றித்தான். அம்மா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடாரம் நேரே வந்தபோது அப்பாவின் கை ஸ்டியரிங்கின் நடுவுக்குப் போனது. தானாக. அங்கேயே இருந்தது. அமத்தவில்லை. பிறகு எடுத்தார்.

நான் மட்டும்தான் கண்டேன்.

நெடுஞ்சாலைக்கு ஏறினோம். முந்திய வருடங்களில் இந்த இடத்தில் மாமாவின் வான் பின்னால் வரும். தர்ஷி முன் ஆசனத்தில் இருந்து நாக்கு நீட்டுவாள்.

ஆர்.வி.யைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்பா படுத்துவிட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்தால்? அவர் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். நான் திறக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மழை. காலையிலிருந்து.

தர்ஷியிடமிருந்து செய்தி. அங்கே சிக்னல் கிடைக்க அவள் கடைத்தெருவுக்குப் போயிருக்க வேண்டும்.

ஏன் சொல்லாமல் போனீர்கள், நான் அழுதேன், என் அப்பா விறகுக்குப் பக்கத்திலேயே நிறைய நேரம் குந்தியிருந்தார், அது உன் அப்பா வைத்ததா?

எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். ஓம் என்றால் பொய். இல்லை என்றால் எல்லாம் முடிந்தது. கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை. வாசித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அது இன்னும் மோசம்.

அம்மா சமைக்கவில்லை. கடைப் பாண், நேற்றைய பருப்பு. அப்பா ரீவியைப் பார்த்தார், சத்தமில்லாமல்.

பழைய படங்கள் பார்த்தேன். முதல் முறை போனது. எல்லாரும் ஒரே கூடாரம். அப்பாவும் மாமாவும் அதைக் கட்டத் தெரியாமல் இரண்டு பேரும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மாமாவின் தலை மட்டும் வெளியே. மாமி விழுந்து சிரித்ததில் படம் ஆடிப்போயிருந்தது. அப்பாவின் கை மட்டும் தெரிகிறது, மாமாவின் கழுத்தைப் பிடித்தபடி.

நாளை அவர்கள் திரும்பும் நாள். எங்கள் வீதியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் இங்கே இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்கள். அம்மா ஏலக்காய் குற்றி வைத்திருக்கிறார். யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

வெயில். நல்ல காற்று.

வந்தார்கள்.

எழுதக் கை ஓடவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

வான் வாசலில் நின்றது. ஹோர்ன் இல்லை. மாமா இறங்கி மணி அடித்தார், தெரியாத ஆள் போல. மாமி பின்னால். தர்ஷி நேரே வந்து என் கையை நுள்ளினாள், இன்னும் சிவப்பு.

அப்பா கதிரையில் இருந்து எழும்பவில்லை. "வாரும்" என்றார். அவ்வளவுதான்.

அம்மா தேத்தண்ணி ஊற்றப் போனார். கோப்பைகள் முட்டும் சத்தம் மட்டும்.

மாமா எதிர்க் கதிரையில் இருந்தார். முழங்காலைத் தடவினார்.

"விறகு நல்லா எரிஞ்சுது, அத்தான்."

அப்பா மாமாவைப் பார்த்தார்.

"எந்த..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"உந்தச் செம்மஞ்சள் கயிறு அவங்கடை ஒஃபீஸிலை தான் கட்டுறவங்கள். பேந்து அங்கை போய்க் கேட்டனான். வியாழக்கிழமை தொப்பி போட்ட ஆளும் ஒரு பெட்டையும் வந்து வாங்கினவையாம்." மாமாவின் குரல் ஒரு மாதிரிப் போனது. "எனக்கு எரிக்கத் தானே வாங்கினியள்? நான் சொன்ன சொல்லுக்குப் பிறகும், போகேக்கை வைச்சிட்டுப் போனியளே."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவர் "நான் வைக்கேல்லை" என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அப்பா பொய் சொல்வதில்லை. நான் கீழே பார்த்தேன். நிலத்தில் தர்ஷியின் சப்பாத்தில் ஏரி மணல்.

"நனையேல்லைத் தானே?" என்றார் அப்பா.

"இல்லை. தறப்பாளுக்குக் கீழையெல்லோ வைச்சனீங்கள்."

"ம்."

மாமா முகத்தைத் துடைத்தார். பிறகு, "அப்ப எங்களைச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. உன்ரை பாட்டு எனக்கே இடுப்பிலை நொந்தது" என்றார் அம்மா, தட்டோடு வந்து.

மாமி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அப்பா கடைசியாக, மூக்கால் மட்டும்.

மன்னிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமா ரெண்டு கோப்பை குடித்தார். தர்ஷி என் கட்டிலில் படுத்து, காலை என் வயிற்றில் போட்டாள். பாரம். தள்ளவில்லை.

"அப்ப போயிட்டு வாறம், அத்தான்."

"ஓம், போயிட்டு வாரும். பாத்து."

வான் பின்னுக்குப் போய்த் திரும்பியது. ரெண்டு ஹோர்ன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

அப்பாவும் நானும் வாசலில். இப்போது ஏசுவார் என்று நின்றேன். அவர் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கிழவனுக்கு ஒரு கட்டையும் வைக்கேல்லை?"

"இல்லை, அப்பா."

"பாவம் மனுசன். அடுத்த முறை அவருக்கும் ஒரு கட்டு வை."