டீசல் டாங்குக்குள் உயிர்

நவம்பர் 4, திங்கள்
மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில். கல்லூரியில் நுண்ணுயிரியல் வகுப்பு எடுத்துவிட்டு வந்தால், என் வீட்டுக்காரர் யாசின் வீட்டில் இருக்கிறார். எட்டயபுரம் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் ஒன்பது வருட மேனேஜர். பகலில் இவரை வீட்டில் பார்த்ததே இல்லை.

காலையில் டீசல் போட்ட லாரி வழியிலேயே நின்றிருக்கிறது. டிரைவர் முனீஸ்வரன் பில்டரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினாராம். உள்ளே கறுப்பாக, சளி மாதிரி.

“என்னத்தலே கலந்த?” முதலாளி அழகிரிசாமி எல்லோர் முன்னாலும் இவரிடம் கேட்டிருக்கிறார். இனி வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நவம்பர் 5
“நான் கலந்தேன்னு நீயும் நம்புதியா?” என்றார். என்கிட்ட! கோவமா வந்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

நவம்பர் 6
ஏன் இது நேற்றே தோன்றவில்லை? டாங்க் தரைக்கடியில். மழைத்தண்ணீர் இறங்கி அடியில் தேங்கினால், தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் டீசலையே தின்று வளரும் கிருமிகள் உண்டு. பாடமே நடத்தியிருக்கிறேன்.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

“வீட்டுக்காரருக்காகப் பேசுதீய.”

“ஆமா அண்ணாச்சி. அந்தச் சளியில கொஞ்சம் குடுங்க. நான் நெனச்சது தப்புன்னா நானே வந்து சொல்லுதேன்.”

கொடுத்தார்.

நவம்பர் 7
இரண்டு பாட்டில். இரண்டிலும் உப்புக் கரைசல், உணவாகச் சுத்தமான டீசல் மட்டும். ஒன்றில் மட்டும் ஒரு துளி சளி. அதில் கிருமி இருந்தால் டீசலைத் தின்று பெருகும், கரைசல் கலங்கும்.

நவம்பர் 9
ஒன்றுமில்லை. நான் நினைத்தது தப்பென்றால்— இவரிடம் எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 12
கலங்கிவிட்டது! சளி விட்ட பாட்டில் மட்டும். லேபிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 13
முதலாளி லேபுக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

“நெளியுதே… டீசலக் குடிச்சா உயிரோட கெடக்கு?”

“பூமிக்கடியில, ஆயிரக்கணக்கான அடி ஆழத்து எண்ணெய்லயே உயிர் இருக்கு அண்ணாச்சி. வெளிச்சம் கிடையாது, காத்து கிடையாது.”

கண்ணை எடுக்காமலே சொன்னார்: “டாங்க் மூடி ரப்பர் போயிட்டு, மாத்தணும்னு யாசின் ரெண்டு தடவ சொன்னான். நாந்தான் கேக்கல.”

“இத அவியகிட்டச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கையில.”

நவம்பர் 14
எல்லோர் முன்னாலும் இவரிடம் சொல்லிவிட்டாராம், வேலைக்கும் திரும்ப வரச் சொல்லி. முனீஸ்வரனையும் வரவழைத்து.

நவம்பர் 17, ஞாயிறு
நாளை டாங்கைக் கழுவ ஆள் வருகிறது. மதியம் சமையலுக்கு நான் கறி நறுக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

“ஆசிபா, அந்தக் கிருமியெல்லாம் இருட்டுக்குள்ள எப்படியோ பொழச்சுக் கெடந்துச்சுவ. நாளைக்கு எல்லாம் செத்துருமே?”

சிரிக்கப் போனேன். முகத்தைப் பார்த்தால், நிஜமாகவே கேட்கிறார்.

“அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்.”

“இருந்தாலும்…” என்றார். உரித்த வெங்காயத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.