வாசக்கால் வைக்கும் வெள்ளி

பாப்பாவின் நைனாவுக்கு,

நீங்கள் கொத்து வேலைக்குப் போயிருக்கும் இஸ்ரேலைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போனில் பார்த்தேன். இடிந்த வீட்டிலிருந்து ஒருத்தி குழந்தையோடு ஓடினாள். இஸ்ரேல்காரியா, பாலஸ்தீனக்காரியா என்று தெரியும் முன்பே அழுதுவிட்டேன். அடுத்து எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தி ஓடினாள். அவளுக்கும் அழுதேன்.

பாப்பா திரையைத் தொட்டு, "நைனா கட்ற வூடு எங்க கீது?" என்றாள். எதைக் காட்டுவது? அது யார் மண் என்றே எனக்குக் குழம்புகிறது. மானாம்பதியில் நம் புது வீட்டுச் சுவர் எழும்புவதும் அந்தச் சம்பளத்தில்தான்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். காலையில் மேஸ்திரி வந்து, "வெள்ளிக்கிழமை வாசக்கால் வெச்சுடலாம். அவரு வர்லன்னா இன்னாம்மா, நீயே பொட்டு வெய்யி" என்றார்.

வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் வந்து பக்கத்தில் நிற்காமல் நம் வீட்டுக்கு வாசக்கால் வைக்க மாட்டேன்.

காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா