அணைத்தாலும் அழியாத பெரிய எழுத்து

அனுப்புநர்:
விஜயா த/பெ மருதமுத்து,
படிவம் நான்கு மாணவி,
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சமூகக் கணினி நிலையம், மலாக்கா.

பொருள்: ஜன்னலோரக் கணினியின் திரை அமைப்பை நிலையாக்கவும், என் அக்காவுக்கு மறுதேர்வு கிடைக்க உதவவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவை அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன்.

1. என் அக்கா சிவகாமசுந்தரிக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கி வருகிறது. வெளியில் யாருக்கும் சொன்னதில்லை. கறுப்புத் திரையில் பெரிய வெள்ளை எழுத்து என்றால் படித்துவிடுவார். நூலகப் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதே அவர் ஆசை.

2. நிலையத்துக் கணினிகளில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் உள்ளது. கட்டளை தட்டித் திரை அமைப்பை அக்காவுக்கு ஏற்ப மாற்றினால், கணினியை அணைக்கும்வரைதான் அது நிற்கும். நிலைத்திருக்க, அந்தக் கட்டளையை, கணினி தொடங்கும்போது தானே படிக்கும் தொடக்கக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். நான் எழுதியும் வைத்தேன். ஆனால் எங்களுக்குத் தரப்படுவது விருந்தினர் கணக்கு. அணைத்ததும் அதிலுள்ளவை எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். நிர்வாகியின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. ஆகவே அக்கா வருமுன் நான் ஓடிவந்து, அவர் உட்காரும் ஜன்னலோரக் கணினியில் ஒவ்வொரு முறையும் கட்டளையைத் தட்டிவைப்பேன்.

3. அந்தக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு நம் நிலையத்துக் கணினிகளிலேயே நடந்தது. அன்று காலையிலும் அப்படியே செய்தேன். நிலையப் பணியாளர் திரு. கணேசமூர்த்தி, தேர்வுக்குமுன் எல்லாக் கணினிகளையும் அணைத்து மீண்டும் தொடக்கினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். "எல்லாம் புதுசா போட்டுட்டேன் தங்கச்சி, இனி ஹேங் ஆகாது லா" என்று வெளியே நின்ற என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் தட்டிவைத்த அமைப்பும் அழிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்து கண்ணாடிக் கதவைத் தட்டியபோது, தேர்வு தொடங்கிவிட்டது என்று கைகாட்டினார்.

அக்கா முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர், "என்னக்கா, ஸ்கிரீன மோந்து பாக்குறீங்களா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். உதவி கேட்டால் கண் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை. நேரம் முடியும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

4. பேருந்தில், "நீ என்ன பண்ணுவ, விடு" என்றார் அக்கா. அதன்பின் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. அடுத்த ஆண்டு எழுதலாமே என்கிறார் அப்பா. அதற்குள் பெரிய எழுத்தும் தெரியாமல் போகலாம் என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, அந்த அமைப்பை நிர்வாகிக் கணக்கிலிருந்து நிரந்தரமாக எழுதித் தருமாறும், அன்று திரை மாறியது அக்காவின் தவறன்று என்று விளக்கி, மறுதேர்வு கேட்டுக் கல்லூரிக்குக் கடிதம் அனுப்புமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். திரு. கணேசமூர்த்தியைக் கடிந்துகொள்ள வேண்டாம். கண்ணைப் பற்றி எழுத அக்காவிடம் நான் அனுமதி பெறவில்லை, தங்களோடு இருக்கட்டும். கல்லூரியில் சேர்க்கை முடியுமுன் செய்தால்தான் பயன் உண்டு, ஐயா.

இடம்: மலாக்கா
நாள்: 29 ஆகஸ்ட் 2012

தங்கள் உண்மையுள்ள,
ம. விஜயா

பின்குறிப்பு: இம்மனுவை அந்தக் கணினியிலேயே, அக்காவுக்கான எழுத்தளவில் தட்டச்சு செய்து அச்செடுத்தேன். கையொப்பம் கோணலாக இருந்தால் பொறுத்தருள்க. நான் கையெழுத்திடும்போது கணினிகளை நிறுத்தி, விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.