கன்னியாவுக்குச் சுற்றுவழி

பாலையூற்று,
திருகோணமலை.
ஆனி மாதம், ஞாயிறு காலை.

அன்புள்ள மகள் பிரியதர்சினிக்கு,

நானும் அம்மாவும் இங்கே உடம்பால் சுகம். நீயும் தர்சனும் ஜேர்மனியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கோணேசர் துணை நிற்கட்டும். அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. கச்சான் அனல்காற்று தொடங்கிவிட்டதால் மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க ஏலாது. கடல் மட்டும் குளம் மாதிரிக் கிடக்கிறது.

போனில் கதைக்காமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் குரலைக் கேட்டால் இதை என்னால் சொல்ல ஏலாது, பிள்ளை. எழுதும்போது நான் எத்தனை தரம் பேனையை வைத்துவிட்டு எழும்பினாலும் உனக்குத் தெரியாது.

ஆவணியில் மூன்று நாள் திருகோணமலையில் நிற்கப்போகிறோம், உப்புவெளியில் அறை போட்டாயிற்று, தர்சனுக்குச் சைக்கிளில் ஊர் சுற்ற ஆசை, எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று நீங்கள்தான் திட்டம் போட்டுத் தரவேணும் அப்பா, என்று நீ அனுப்பியிருந்தாய். கலியாணத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கப்பலால் இறங்கின எத்தனையோ பேருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினவன் நான். அன்றைக்கே கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

முதல் நாள் விடியக் கோட்டைக்குள்ளே போங்கோ. வெயில் ஏற முதல் மான்கள் வீதிக்கே வந்து நிற்கும். சைக்கிளைக் கீழே விட்டுவிட்டுக் கோணேசரைக் கும்பிட்டு, இறங்கி வரும்போது டச்சுக்குடாப் பக்கம் அப்பம் சுடுகிற கடையில் பாலப்பமும் கட்டச்சம்பலும் சாப்பிடலாம். பின்னேரம் உள்துறைமுக வீதியால் மெதுவாக மிதியுங்கோ. கப்பல் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம் அந்த வீதிக்கு இணை இல்லை. அடுத்த நாள் கன்னியா வெந்நீரூற்று. திரும்பி வந்து பட்டணத்து முஸ்லிம் கடையில் வட்டிலப்பம். இவ்வளவும் நல்ல திட்டம்தான்.

கன்னியாவுக்குப் போகிற வழியில்தான் என் புத்தி தெரிந்தது. நேர் வழி எங்கள் சந்தியைத் தாண்டித்தான் போகும் என்று உனக்குத் தெரியும். நான் உப்புவெளிக்குப் பின்னால், வெட்டைக்குள்ளால், நிழலே இல்லாத ஒரு சுற்றுவழியைக் கீறி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, எங்கட சந்தியால போனால் கிட்டத்தானே, ஏன் பிள்ளைகளை இந்த வெயிலுக்க சுத்த விடுறீங்கள் என்று கேட்டா. அந்த வீதியில் லொறி அதிகம் என்று சொன்னேன்.

லொறிக்குப் பயந்து இல்லை, மகள். பெரியப்பா வீட்டு வாசலாலும் கோயில் நிர்வாக ஆக்களின் வாசலாலும் நீ அந்தப் பொடியனோடு சைக்கிளில் போவதை ஒழுங்கை முழுக்கப் பார்க்கும் என்றுதான். நீ மூன்று நாளுக்கு எல்லாம் கேட்டாய், வீட்டுக்கு வரலாமோ என்று மட்டும் கேட்கவில்லை. அதை வாசித்தபோது எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. 

மூன்றாம் நாளுக்கு நிலாவெளி வீதியை வைத்திருந்தேன். வீதி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் போன கிழமை நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போக, பின் சில்லுக் காற்றுப் போய்விட்டது. தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு படலையடியில் தலை சுற்றிற்று. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளேயிருந்து ஒரு பெண், ஐயா, நிழலுக்கு வாங்கோ என்று கூப்பிட்டா.

கதிரையில் இருந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நீ அனுப்பின கலியாணப் படத்தில் உனக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையோடு நின்றவ. உன் மாமி இரத்தினேஸ்வரி, தர்சனின் தாய்.

எவ்விடம் என்று கேட்டா. கிளிவெட்டி என்று பொய் சொன்னேன். கிளிவெட்டியிலிருந்து சாம்பல்தீவுக்கு இந்த வயதில் அவ்வளவு தூரம் எவன் சைக்கிளில் வருவான்? அவ உள்ளே போய், மினுக்கி வைத்த செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினா. எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. ஆனாலும், தாகம் இல்லை என்றுதான் சொன்னேன்.

எங்கள் சாதி ஆக்கள் அவர்கள் வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, இளநீர் என்றால் குடிக்கலாம். எங்கள் அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. துறைமுகக் கன்ரீனில் யார் கை பட்ட தேத்தண்ணி என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. அன்றைக்கு, உன்னை மகளாக வைத்திருக்கிற வீட்டில், என் கை நீளவில்லை.

அவ தண்ணீரைச் செவ்வரத்தை மரத்தடியில் ஊற்றினா. முகம் கோணாமல் பின்பக்கம் போய் ஒரு இளநீரைச் சீவிக் கொண்டுவந்து, இது மரத்தில இருந்து வந்தது, குடியுங்கோ ஐயா என்று தந்தா. நான் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன், பிள்ளை.

பிறகு அவவே பம்பை எடுத்துவந்து சில்லுக்குக் காற்றடிக்கத் தொடங்கினா. மகனும் மருமகளும் வருகினம், அதுதான் சுவருக்கு வெள்ளை அடிக்கிறம் என்றா. மருமகளுக்கு நண்டுக் கறி எண்டால் உயிர், உறைப்பில எங்களையே வெல்லுவா என்று சிரித்தா. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என்னைப் பார்க்காமல், பம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னா: சம்மந்தி வீடு பாலையூற்று. நல்ல மனுசர். சல்லி அம்மன் கோயிலில கலியாணம் நடக்கேக்க வர ஏலாமல் போச்சு. இங்க ஆக்கள் வேற மாதிரிக் கதைச்சினம். நான் விடேல்ல. அவருக்கு நெஞ்சு வருத்தம், அதாலதான் வரேல்ல எண்டு எல்லாருக்கும் சொன்னனான்.

என் நெஞ்சில் ஒரு வருத்தமும் இல்லை என்று உனக்குத் தெரியும். சல்லியில் உனக்குத் தாலி ஏறின நேரம் நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலை வரை வந்தா. நான் ஏறப்போகும்போது மெல்லமாகச் சொன்னா: கவனமாப் போங்கோ. நெஞ்சு வருத்தக்காரர் இந்த வெயிலுக்க மிதிக்கக் கூடாது.

நான் திரும்பிப் பார்க்க முதல் படலையைச் சாத்திவிட்டா. செம்பை நீட்டினபோதே அவவுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, உன்னிடம் இருக்கிற எங்கள் படத்தில் பார்த்திருப்பா. தெரிந்துகொண்டுதான் இளநீர் சீவியிருக்கிறா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் செம்புக் கதையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணி வாங்கிக் குடிச்சனீங்களோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டா. இல்லை என்றேன். எனக்குச் சோறு போட்டுவிட்டு அவ சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டா. அன்றிலிருந்து நேற்று வரை என்னோடு கதை இல்லை. உன் கலியாணத்துக்கு அவவையும் போகவிடாமல் தடுத்தவன் நான்தானே.

முந்தநாள் திரும்பவும் சாம்பல்தீவுக்குப் போனேன். பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. எந்த முகத்தோடு என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். நேற்றுப் பெரியப்பாவிடம் போய், ஆவணியில் பிள்ளைகள் வருகினம், எங்கட வீட்டுக்குக் கூப்பிடப்போறன் என்றேன். அது உன்ர விருப்பம், நாங்கள் அண்டைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு மூதூருக்குப் போயிடுவம் என்றார். போகட்டும். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான் அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

அதனால் திட்டத்தை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் நாள் நேர் வழியால் வாங்கோ. பாதி வழியில் எங்கள் வீடு. அம்மா குழல் புட்டும் கணவாய்க் கறியும் செய்வா. கொஞ்சம் இருந்து களை ஆறிவிட்டுக் கன்னியாவுக்குப் போகலாம். மூன்றாம் நாள் நீங்கள் மாமி வீட்டுக்குப் போகும்போது நானும் உங்களுக்குப் பின்னால் என் சைக்கிளில் வர விரும்புகிறேன். தனியே அந்தப் படலையைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. மாமியிடம் நீ ஒன்றும் சொல்லவேண்டாம், சொல்லவேண்டியதை நான்தான் சொல்லவேணும்.

ஆனால் முதலில் மருமகனிடம் கேள். தன் தாயின் வீட்டு வாசலில் நான் வந்து நிற்க அவருக்குச் சம்மதமோ என்று கேட்டு எழுது. கோபம் இருந்தால் கோபத்தோடேயே எழுதட்டும், நான் வாசிப்பேன். வரவேண்டாம் என்று சொன்னாலும் மறைக்காதே. எங்கள் வீட்டில் இறங்க மனமில்லாவிட்டாலும் வற்புறுத்தமாட்டேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் படலைக்கு வெளியே, வீதியில்தான் நிற்பேன். நீங்கள் கை காட்டாமல் போனாலும் பரவாயில்லை. எங்கள் சந்தியால் மட்டும் போங்கோ, பிள்ளை.

இருவரும் நீடூழி நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

அப்பா
பாலசிங்கம்